தெய்வ வெறியும் களியாட்டும்

ஐரோப்பிய மொழிகளில் கட்டுமீறிய குடிவிருந்தையும் அதில் திளைப்போரையும் குறிக்கும் சொற்களுள் முதன்மையான சில, கோயிலிலும் மலைச்சாரலிலும் நடந்த வழிபாட்டிலிருந்து வந்தவை. இன்று ஆங்கிலத்தில் ஒழுக்கக்கேடான கூட்டுக் களியாட்டத்தைக் குறிக்கும் 'ஆர்ஜி' என்னும் சொல், கிரேக்கத்தில் 'ஓர்கியா' என்று வழங்கியபோது, தீட்சை பெற்றவர் மட்டுமே கலந்துகொள்ளும் மறைச் சடங்கைக் குறித்தது. குடித்துக் கூத்தடிக்கும் விருந்துக்குப் பெயராகிவிட்ட 'பாக்கனல்', பாக்கஸ் என்றும் டயோனிசஸ் என்றும் அழைக்கப்பட்ட தெய்வத்தின் வழிபாட்டிடத்துக்குப் பெயராக இருந்தது. அத்தெய்வத்தின் அடியவரான பெண்களைக் குறித்த 'மைனாட்' என்ற சொல்லுக்குப் பித்தேறியவள் என்பது பொருள். வழிபாட்டுச் சொல் வசைச் சொல்லான இம்மாற்றத்தைச் சமயம் நலிந்ததன் அடையாளம் என்று மட்டும் கொள்வது போதாது. தன்னை மறத்தல் என்னும் ஒரே அனுபவத்தைச் சமயமும் கேளிக்கையும் மனிதனுக்கு வழங்க முன்வருகின்றன. அவ்வாறு தன்னை மறந்து ஆடும் ஒருவரிடம் தெய்வம் இறங்கியிருக்கிறதா, மது மட்டும் ஏறியிருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் கேள்வி அச்சொற்களுக்குள்ளேயே தொடக்கத்திலிருந்து கிடக்கிறது.

இக்கேள்வியைக் கிரேக்கர் எவ்வளவு கூர்மையாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு, யூரிபிடிஸ் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 405 அளவில் ஏதென்ஸில் அரங்கேறிய 'பாக்கை' என்னும் துன்பியல் நாடகமே சான்றாகும். தீப்ஸ் நகரின் இளம் மன்னன் பென்தியஸ், நகரத்துப் பெண்கள் வீட்டையும் தறியையும் விட்டுச் சிதைரோன் மலைக்குப் போய்விட்டதைக் கேட்டு, வழிபாடு என்பது வெறும் சாக்கு என்றும், உண்மையில் அங்கே நடப்பது குடியும் காமமும்தான் என்றும் முடிவுகட்டிவிடுகிறான். ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் மாட்டிடையன் ஒருவன் தான் கண்டதை வேறுவிதமாகச் சொல்கிறான்: பெண்கள் மரக்கிளைகளிலும் சருகுகளிலும் தலைசாய்த்து அடக்கமாக உறங்கிக்கொண்டிருந்தனர், மன்னர் சொல்வதுபோல் அங்கே குடிவெறியும் இல்லை, காட்டுக்குள் ஒதுங்கிக் காமம் தேடுவதும் இல்லை. அரசனின் தயவைப் பெறலாம் என்று எண்ணி மன்னனின் தாயாகிய அகாவேயைப் பிடிக்க இடையர்கள் பதுங்கிப் பாய்ந்த பின்னரே அப்பெண்கள் சீறியெழுந்து மாட்டுமந்தையைக் கிழித்தெறிகின்றனர் என்பதை நாடகாசிரியர் தெளிவாகக் காட்டியிருக்கிறார். காணாததைப் பற்றி இழிவாகக் கற்பனை செய்தவன், அக்கற்பனையை நேரில் காணும் ஆசையால் பெண்வேடம் பூண்டு மரத்தின்மேல் ஒளிந்திருந்து, தன் தாயின் கையாலேயே மாண்டுபோகிறான்.

இருப்பினும் யூரிபிடிஸ் அடியவர் பக்கம் நின்று மன்னனைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மகனின் தலையைச் சிங்கத்தின் தலை என்று மயங்கி ஏந்தி வரும் அகாவேயைப் பார்த்து, அவளுடைய முதிய தந்தை காட்மஸ், முதலில் வானத்தை நோக்கும்படி சொல்கிறார். அது முன்போலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று வினவுகிறார். முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்று அவள் சொன்னபின், அவள் வாழ்க்கைப்பட்ட வீடு எது, கணவன் யார், பெற்ற மகன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில், கையில் இருக்கும் தலை யாருடையது என்று கேட்கிறார். உலக நாடக இலக்கியத்தில் தெய்வ வெறி தெளியும் கணத்தை இத்தனை நிதானமாக, மருத்துவர் கைபிடித்து நடத்துவது போல் காட்டிய காட்சி வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. வெறியின் உச்சத்தில் அகாவே மகிழ்ந்தாள் என்பதில் ஐயமில்லை. அந்த மகிழ்ச்சி எத்தகையது என்பதோ, அவள் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. களிப்பையும் அருளையும் அவற்றின் உச்சத்தில் வைத்து அளக்க இயலாது, மீளும் இடத்தில் வைத்தே அளக்க முடியும் என்னும் முடிவுக்கு இக்காட்சி இடமளிக்கிறது.

நாடகத்தைவிட்டு வரலாற்றுக்கு வந்தால், டயோனிசஸின் பெண்ணடியார் குழுக்கள் ஊரறிந்த, ஊர் ஒப்பிய அமைப்புகளாக இருந்தன என்பது புலனாகிறது. டெல்ஃபியில் 'தியாட்' எனப்பட்ட பெண்கள் பர்னாசஸ் மலையில் ஏறி இரவில் ஆடினர். ஏதென்ஸிலிருந்தும் பெண்கள் சென்று அவர்களோடு கலந்துகொண்டனர். டெல்ஃபியில் தாமே குருவாகப் பணியாற்றியவரான புளூட்டார்க், பெண்களின் சிறப்பைப் பற்றி எழுதிய நூலில் அவர்களைக் குறித்து ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஃபோகிஸ் நாட்டுக் கொடுங்கோலர் டெல்ஃபியைக் கைப்பற்றிப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இத்தியாட் பெண்கள் தெய்வ வெறியில் வழிதவறி, இரவோடிரவாக அம்ஃபிஸா என்னும் ஊருக்குள் வந்து, இன்னும் தெளியாத நிலையிலேயே, சந்தைவெளியில் அங்குமிங்குமாகக் களைத்து விழுந்து உறங்கிப்போயினர். ஊரில் படைவீரர் பலர் தங்கியிருந்தனர். காலையில் இவர்களைக் கண்டால் என்ன நேருமோ என்று அஞ்சிய ஊர்ப்பெண்கள் எல்லாரும் ஓடிவந்து, உறங்குபவர்களைச் சுற்றி ஓசையின்றி வட்டமாக நின்றனர். ஒருவரும் அவர்களை நெருங்கித் தொடவில்லை. அவர்கள் விழித்தெழுந்ததும் உணவு கொடுத்துப் பணிவிடை செய்து, தம் கணவரின் இசைவைப் பெற்று, எல்லைவரை கூடவே சென்று வழியனுப்பிவைத்தனர்.

இந்த நிகழ்ச்சியின் சமயப் பொருள் ஆழமானது. சந்தைவெளியில் நினைவிழந்து கிடக்கும் பெண்கள் என்னும் காட்சியில் படைவீரனின் கண்ணுக்கும் ஊர்ப்பெண்களின் கண்ணுக்கும் தெரிவது ஒன்றுதான். அதை இழிவாக்குவதும் புனிதமாக்குவதும் சுற்றி நிற்பவர் எடுக்கும் நிலையைப் பொறுத்தது. தன்னை இழந்தவரின் மானத்தை, அவர் தன்னிடம் திரும்பும்வரை பிறர் தாங்கிக்கொள்கின்றனர். அவ்வாறு தாங்கிக்கொள்ள ஒரு சமூகம் இருக்கும்போதுதான் தன்னை இழத்தல் வழிபாடாக நிலைபெறுகிறது.

தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியன்று. முருகனை வேண்டி அவன் பூசாரியான வேலன் ஆடிய ஆட்டத்தைச் சங்க இலக்கியம் 'வெறியாட்டு' என்றே அழைத்தது. மணல் பரப்பிய களத்தில் இரவில் பலியிட்டு நடந்த அச்சடங்கு, மகளின் மெலிவுக்குக் காரணம் கண்டறிய ஒரு தாய் எடுத்த முயற்சியாக அகப்பாடல்களில் வருகிறது. அந்நோய்க்குக் காரணம் தெய்வமன்று, காதலே என்று அறிந்த தோழி வேலனை மட்டுமல்லாது, நற்றிணைப் பாடல் ஒன்றில், அழைத்தவுடன் வந்துவிட்ட முருகனையே அறியாமை உடையவன் என்று கடிந்துகொள்கிறாள். சடங்கை மதிக்கும் மரபுக்குள்ளேயே சடங்கைச் சோதிக்கும் உரிமையும் இருந்திருக்கிறது. இன்றும் சிற்றூர்க் கொடைவிழாவில் சாமியாடுபவரைத் தாங்கிப் பிடிக்கவும், வந்திருப்பது எந்தச் சாமி என்று கேட்கவும், திருநீறு இட்டு மலையேற்றவும் ஆட்கள் சுற்றிலும் நிற்கின்றனர். சாமி மலையேறிவிட்டது என்று ஊர் ஒப்புக்கொண்ட பிறகே ஆடியவர் மீண்டும் ஊராருள் ஒருவராகிறார்.

வழிபாட்டு வெறிக்கு இவ்வாறு காவலும் எல்லையும் அமைத்த கிரேக்கர், குடிவிருந்துக்கும் அவற்றை அமைத்தனர். 'சிம்போசியன்' என்பது ஆடவர் கூடிக் குடிக்கும் முறையான விருந்து. அதில் மதுவை நீர் கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் செயலாகக் கருதப்பட்டதால், 'கிராத்தேர்' என்னும் பெரிய கலவைக் கலத்தில் மதுவும் நீரும் சேர்க்கப்பட்டன. கி.மு. 4ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகாசிரியர் யூபூலஸின் சிதைவுறாமல் தப்பிய பகுதி ஒன்றில், மதுவின் தெய்வமாகிய டயோனிசஸே தோன்றி, அறிவுடையோருக்கு மூன்று கலங்களே போதும் என்று அறிவிக்கிறார்: முதலாவது உடல்நலத்துக்கு, இரண்டாவது காதலுக்கும் இன்பத்துக்கும், மூன்றாவது உறக்கத்துக்கு. அதற்குமேல் வரும் கலங்கள் தமக்குரியவை அல்ல என்று அவர் கைகழுவிவிடுகிறார். நான்காவது செருக்குக்கும் ஐந்தாவது கூச்சலுக்கும் ஆறாவது 'கோமோஸ்' என்னும் குடிகாரர் தெருவூர்வலத்துக்கும் உரியவை என்று தொடங்கும் வரிசை, பத்தாவது கலத்தில் பித்தில் கொண்டுபோய் விடுகிறது. மதுவைத் தந்த தெய்வமே பித்தின் தெய்வமாகவும் வணங்கப்பட்ட நாட்டில், பத்தாவது கலத்தின் பித்து தம்முடையதன்று என்று அத்தெய்வத்தையே சொல்லவைத்த புலவர், சமயத்தின் சார்பாகவே பேசுகிறார் என்று கொள்ள வேண்டும்.

அந்தக் கோமோஸ் ஊர்வலம் தத்துவத்தின் வாசலைத் தட்டிய இடம் ஒன்று உண்டு. பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்னும் உரையாடல் நூலில், கி.மு. 416ஆம் ஆண்டு வெற்றிபெற்ற நாடகாசிரியர் அகத்தானின் வீட்டு விருந்தில், ஐவிக் கொடியும் ஊதாப்பூவும் தலையில் சூடி, குழலூதும் பெண் தாங்கிவர, ஏதென்ஸின் அரசியல் தலைவனான அல்சிபியாடிஸ் குடிபோதையில் நுழைகிறான். சாக்ரட்டீஸின் சொற்கள் தன்னைப் பாம்பைப்போல் தீண்டியதாகவும், அங்கிருப்போர் அனைவருமே தத்துவத்தின் பித்தையும் பாக்கஸ் வெறியையும் பகிர்ந்துகொண்டவர்கள் என்றும் அவன் பேசுகிறான். மெய்யறிவைத் தேடுவதற்கும் வேறு பெயர் கிடைக்காமல் அதே வெறியின் பெயரையே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றிரவு எல்லாருடனும் குடித்த சாக்ரட்டீஸ், பிறர் உறங்கிச் சாய்ந்தபின் எழுந்துபோய்க் குளித்துவிட்டு, வழக்கமான பகல் பொழுதை வழக்கம்போலவே கழிக்கிறார். அடுத்த ஆண்டு, அல்சிபியாடிஸ் தனியார் வீட்டுக் குடிவிருந்தில் எலூசிஸ் நகரத்து மறைச் சடங்குகளைப் போலிசெய்து நடித்தான் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சிசிலிப் படையெடுப்பின் தளபதியாகச் சென்றிருந்த அவன் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது தப்பியோடிப் பகைநாடான ஸ்பார்ட்டாவில் அடைக்கலம் புகுந்தான். சடங்கைக் கேளிக்கையாக்குவது ஏதென்ஸில் உயிரைப் பறிக்கும் குற்றம்; அந்த எல்லையை அந்நகரம் அத்தனை உறுதியாகப் பேணியது.

வெறி தெய்வத்தினுடையதா மதுவினுடையதா என்னும் கேள்விக்கு 'ஃபீட்ரஸ்' உரையாடலில் பிளேட்டோ நேரடியாக விடை தேடினார். பித்து எல்லாமே நோயன்று என்றும், தெய்வம் அருளும் பித்து நான்கு வகைப்படும் என்றும் அங்கே சாக்ரட்டீஸ் விளக்குகிறார்: குறிசொல்லும் பித்து அப்போலோவுடையது, சடங்கின் பித்து டயோனிசஸுடையது, கவிதையின் பித்து கலைத்தேவியருடையது, காதலின் பித்து அஃப்ரோடைட்டியும் ஈரோஸும் தருவது. இப்பகுப்பு அழகானதே; ஆயினும் ஒருவர் பித்து எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வெளியிலிருந்து அறியும் வழியை இது தரவில்லை. முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் அவர் மேலும் நடைமுறைப்பட்ட ஒன்றைச் சொன்னார்: 18 வயதுக்கு உட்பட்டோர் மதுவைத் தொடலாகாது, 30 வயதுவரை அளவோடு அருந்தலாம், 40 கடந்தோர் டயோனிசஸை விருந்துக்கு அழைக்கலாம், ஆனால் எந்தக் குடிவிருந்துக்கும் குடிக்காத, தெளிந்த தலைவர் ஒருவர் இருக்க வேண்டும். அம்ஃபிஸாவின் ஊர்ப்பெண்கள் கேளாமலே செய்ததை ஒரு பதவியாக வகுத்துவிட முடியும் என்று பிளேட்டோ நம்பினார்.

ரோம் வேறு வழியில் போனது. கி.மு. 186ஆம் ஆண்டு பாக்கஸ் வழிபாட்டை ரோமானிய ஆட்சிமன்றமான செனட் ஒடுக்கிய நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு சான்றுகள் உள்ளன. அவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதே வரலாற்றின் பெரும்பேறு. முதலாவது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் லிவியின் விரிவான கதை. ஏபூட்டியஸ் என்ற இளைஞனை அவனுடைய தாய் பாக்கஸ் தீட்சைக்கு அனுப்ப விரும்புகிறாள். அவனுடைய காதலியும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பரத்தையுமான ஹிஸ்பாலா ஃபெசீனியா அதைக் கேட்டுப் பதறி, அங்கே நடப்பதாகச் சொல்லும் கொலை, காமம், பொய்ச்சாட்சி, பறையும் தாளமும் அலறலை மறைக்கும் கொடுமை ஆகியவற்றை எல்லாம் ஆட்சித்தலைவரான கான்சல் போஸ்டூமியஸிடம் வெளியிடுகிறாள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் இதில் சிக்கியிருந்தனர் என்றும், சிறைப்பட்டோரைவிடக் கொல்லப்பட்டோரே மிகுதி என்றும் லிவி எழுதுகிறார். பிற்கால ஐரோப்பா பாக்கனல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் கண்ட படம் பெரிதும் லிவியிடமிருந்து வந்ததே. ஆயினும் அதே லிவியின் கதைக்குள், அவரையறியாமல் ஒரு செய்தி தங்கிவிட்டிருக்கிறது: தீட்சைக்கு முன் அவ்விளைஞன் பத்து நாள் உடலுறவைத் தவிர்த்து விரதம் காக்க வேண்டும், பத்தாம் நாள் உண்டு, நீராடித் தூய்மை பெற்றபின்பே வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் செல்லப்படுவான். காமக் கூத்துக்கு ஆள் சேர்ப்பவர் பத்து நாள் விரதத்தைக் கேட்பது ஏன் என்பதற்கு லிவியின் கதையில் விடை இல்லை.

இரண்டாவது சான்று, தென் இத்தாலியில் கலாப்ரியாப் பகுதியிலுள்ள திரியோலோ என்ற ஊரில் 1640இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலத் தகடு. செனட்டின் ஆணையைக் கூட்டுநாட்டாருக்கு அறிவித்த அந்தத் தகட்டின் வாசகத்தில் குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காமத்தைப் பற்றியும் இல்லை. ஆணை விலக்குபவை இவை: ஆண் எவரும் குருவாகக் கூடாது, ஆணோ பெண்ணோ எவரும் தலைவராகக் கூடாது, பொதுநிதி வைக்கக் கூடாது, ஒருவர்க்கொருவர் சூளுரைத்துப் பிணைந்துகொள்ளக் கூடாது, மறைவில் சடங்கு செய்யக் கூடாது. வழிபாட்டைக் கட்டாயம் நடத்த வேண்டியவர் ரோமில் நகர நீதியதிகாரியான பிரீட்டரிடம் விண்ணப்பித்து, நூறு பேருக்குக் குறையாத செனட்டர்கள் கூடிய அவையில் இசைவு பெற வேண்டும். அப்போதும் இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள் என ஐவருக்கு மேல் கூடலாகாது. மற்ற வழிபாட்டிடங்கள், பழம்புனிதம் உள்ளவை நீங்கலாக, ஓலை கிடைத்த பத்து நாளுக்குள் கலைக்கப்பட வேண்டும். மீறியவருக்கு மரண தண்டனை.

ஆட்சிமன்றம் எதற்கு அஞ்சியது என்பதை இத்தகடு மறைக்கவில்லை. செனட்டின் இசைவின்றித் தலைவரும் நிதியும் உறுதிமொழியும் கொண்ட ஒரு கூட்டம், அடிமையும் குடியுரிமை பெற்றவனும் பெண்ணும் ஆணும் ஒரே தெய்வத்தின் பெயரால் ஒன்றுசேரும் ஒரு கூட்டம், இத்தாலி முழுவதும் பரவுவதைத்தான் அது பொறுக்கவில்லை. குற்றமே நடக்கவில்லை என்று இதனால் முடிவு செய்துவிட இயலாது. இருளில் கூடும் எந்தக் கூட்டத்திலும் எளியோர் ஏமாற்றப்படும் இடர் உண்டு, ஹிஸ்பாலாவின் அச்சமும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விலக்கப்பட்ட பொதுநிதி, தலைமை, பிணைப்பு ஆகியவையே தன்னை இழந்து ஆடுபவரைத் தாங்கிப் பிடிக்கும் கைகள். அவற்றை வெட்டிவிட்டு ஐவரை மட்டும் விட்டுவைத்த ஆணை, வெறியைத் தூய்மைப்படுத்தவில்லை. அதற்குக் காவல் நிற்போரை அகற்றியது. வழிபாட்டிடத்தின் பெயராக அந்தத் தகட்டில் பொறிக்கப்பட்ட சொல் பிற்காலத்தில் குடிக்கூத்தின் பெயராக மட்டும் எஞ்சியதற்கு இந்த ஒடுக்குமுறை ஒரு முக்கியக் காரணம் என்று கருதலாம்.

கிறித்தவம் எழுந்தபோது, தெய்வமா மதுவா என்னும் இந்த ஐயம் அதன் பக்கமும் திரும்பியது. பெந்தெகொஸ்தே நாளில் தூய ஆவியால் நிரம்பிப் பல மொழிகளில் பேசிய சீடரைப் பார்த்தவருள் சிலர், இவர்கள் மது நிறைந்தவர்கள் என்று ஏளனம் செய்ததாகவும், இன்னும் காலைப்பொழுதுதானே என்று பேதுரு மறுமொழி சொன்னதாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் நூல் கூறுகிறது. பவுல் தம் கடிதங்களில் விலக்க வேண்டிய செயல்களின் பட்டியலில் 'கோமோஸ்' என்னும் அதே குடியூர்வலச் சொல்லை வைத்தார்; அதைத் தமிழ் விவிலியம் களியாட்டு என்றும், அதனோடு சேர்ந்துவரும் குடிமயக்கத்தை வெறி என்றும் பெயர்த்தது. வேலன் ஆடியபோது தெய்வத்தைச் சுட்டிய சொல், இங்கே பாவத்தின் பெயராக நிற்கிறது. கி.பி. 386இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அகஸ்டின் புத்தகத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டு அவர் வாழ்வைத் திருப்பியது, ரோமர் நிருபத்தில் களியாட்டைத் தவிர்க்கச் சொல்லும் அந்தப் பகுதியே. ஆனாலும் கிறித்தவ ஞானியர் மதுமயக்கத்தின் மொழியை விட்டுவிடவில்லை. அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் ஃபைலோ வழங்கிய 'தெளிந்த போதை' என்னும் முரண்தொடரை நிசாவின் கிரகோரி போன்றோர் இறையனுபவத்துக்கு ஏற்ற பெயராக எடுத்துக்கொண்டனர்.

பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் பரவசத்தில் பேசினால், உள்ளே வரும் அயலார் உங்களைப் பித்தர் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்கிறார். பரவசத்தை அவர் தடைசெய்யவில்லை. புரியாத மொழியில் பேசுவோர் இருவர், மிஞ்சினால் மூவர், அதுவும் ஒருவர்பின் ஒருவராகப் பேசட்டும், ஒருவர் அதற்குப் பொருள் சொல்லட்டும், பொருள் சொல்பவர் இல்லாவிட்டால் சபையில் அடங்கியிருக்கட்டும் என்று ஒழுங்கு வகுக்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தால் இதுவும் செனட்டின் ஆணையை ஒத்ததாகவே தோன்றும். ஆயினும் செனட் எண்ணியது கூடுவோரின் தலைகளை. பவுல் எண்ணியது ஒரு வேளையில் பேசுவோரை. கேட்பவர் எத்தனை பேராயினும் இருக்கலாம், சொல்லப்பட்டதை நிதானித்துப் பார்க்கும் பொறுப்பு அவர்கள் அனைவருக்கும் உண்டு.